காசு குடுத்து ஆனை பார்த்த கதை

முதல் நாள்: வெல்லாவெளி வழியாக இங்கினியாகலை

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் களுவாஞ்சிக்குடியிலிருந்து இங்கினியாகலைக்குப் போக நல்ல வழி கரையோர வீதிதான். கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை, அம்பாறை என்று சறுக்கிக்கொண்டு போகலாம். ஆனால் வான் வண்டியில் மாமி ஏறியவுடனேயே திட்டம் மாறிவிட்டது. "தம்பியப் பாக்காமப் போறதோ?" என்று ஒரே கேள்வி. பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி, வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்குள் இறங்கிவிட்டோம். மாமியின் தம்பி, எங்கள் சின்ன மாமா, வெல்லாவெளிக்கும் அங்கால வேளாண்மை செய்கிறார்.

போனால் குசினிச் சுவரில் ஒரு பக்கம் இல்லை. கதவு இருக்கிறது, பூட்டு இருக்கிறது, கதவுக்குப் பக்கத்துச் சுவர்தான் இல்லை. முந்தின கிழமை இரவு ஆனை வந்து கல்லைத் தள்ளி, அரிசிச் சாக்கை இழுத்து, உப்புப் போத்தலையும் உடைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஓலைக் கிடுகு ஒன்றைச் சார்த்தி மறைத்திருந்தார்கள். சின்ன மாமி அதற்குள்ளிருந்து பிளேன்ரீ கொண்டு வந்து தந்தார், ஒன்றும் நடக்காதது போல.

எங்கள் பயணத்தின் காரணத்தை மகன் சொன்னான். பத்து வயது. பள்ளிக்கூடத்தில் 'அழிந்துவரும் விலங்குகள்' என்று ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். நானும் டீச்சர் என்பதால் இணையத்தில் படம் வெட்டி ஒட்ட விட மனமில்லை. கல்லோயா, லகுகலை, குமுண என்ற மூன்று தேசிய பூங்காக்களையும் காட்டிவிடலாம் என்று ஐந்து நாள் ஒதுக்கினோம்.

சின்ன மாமா சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. "ஆனை பாக்கவோ? காசு குடுத்தோ? இஞ்ச ரெண்டு ராவு நில்லுங்க, சும்மாவே காட்டுறன்."

திரும்பி வரும்போது ஒரு இரவு தங்குவதாகச் சொல்லிவிட்டு மண்டூர், மத்தியமுகாம் வழியாக அம்பாறைக்கு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் மின்வேலி. சில இடத்தில் கம்பி இறுக்கமாக நிற்கிறது, சில இடத்தில் மாட்டுக்குக் கட்டிய கயிறு போலத் தொங்குகிறது. யானைக்கு மின்வேலி பெரிய புதிர் இல்லையாம். மரத்தைச் சரித்துக் கம்பிமேல் போட்டுவிட்டு அதன்மேல் நடந்து வரும். கொம்பன் என்றால் கொம்பால் கம்பியை அறுக்கும், கொம்பில் கரண்ட் அடிக்காது.

இங்கினியாகலையில் அறை கிடைத்துவிட்டது. மாமிக்கு மட்டும் முகம் சரியில்லை. அவரின் தகப்பன் அணைக்கட்டு வேலைக்கு வந்தவராம். 1956இல் கல்லோயாவில் தமிழருக்கெதிரான கலவரம் நடந்தபிறகு அந்த மனிதர் இந்தப் பக்கம் காலே வைக்கவில்லை. மாமியும் இன்றைக்குத்தான் முதன்முதலாக வருகிறார். அணையின்மேல் ஏறி நின்று நெடுநேரம் தண்ணீரைப் பார்த்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள்: சேனநாயக்க சமுத்திரம்

காலை ஐந்தரைக்கே படகடிக்கு வந்துவிட்டோம். வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் டிக்கெட், வழிகாட்டி, உயிர்காப்பு அங்கி. மாமி சேலைக்குமேல் அந்தச் செம்மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு நின்ற படத்தை இங்கே போடக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.

மற்ற வனங்களில் ஜீப்பில் போய் யானை பார்ப்பார்கள். இங்கே படகில். கல்லோயா ஆற்றை மறித்து இந்தக் குளத்தைக் கட்டியபோது மலைகளுக்கிடையில் தண்ணீர் ஏறி, குன்றுகளின் தலைகள் எல்லாம் தீவுகளாகிவிட்டன. நாட்டின் மிகப் பெரிய குளம் இது. அதைச் சுற்றியுள்ள நீரேந்து காட்டைக் காப்பதற்கென்று 1954இல் தேசிய பூங்கா அறிவித்தார்கள், ஏறக்குறைய 25,900 ஹெக்டேயர். யோசித்துப் பார்த்தால், குளத்துக்காகத்தான் காடு காக்கப்பட்டது. யானைக்கு அது தானாகக் கிடைத்த ஆதாயம்.

முதல் ஒரு மணித்தியாலம் நீர்க்காகம், கொக்கு, தூரத்தில் ஒரு கடற்கழுகு. குருவித் தீவென்று சொல்லும் பாறைத் திட்டு முழுக்க எச்சத்தால் வெள்ளையடித்தது போல இருந்தது. மகன் கொட்டாவி விட ஆரம்பித்தான். அப்போது படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார்.

நான் மரக்கட்டை மிதக்கிறதென்று நினைத்தேன். பிறகு கட்டைக்கு முன்னால் ஒரு குழாய் நிமிர்ந்தது. துதிக்கை. தண்ணீருக்குமேல் அதுவும் நெற்றி மேடும் மட்டுந்தான் தெரிகின்றன. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது தண்ணீர்மேல் எங்களுக்குக் கேட்டது. ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு, வீட்டுக்கு வீடு போவது போல அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வழிகாட்டி கையைத் தாழ்த்தி எல்லாரையும் இருக்கச் சொன்னார். குறுக்கே போகக் கூடாது. யானை நீந்தும்போது படகு நெருங்கினால் அது திசை மாறி, களைத்து, மூழ்கியும் போகலாம் என்றார். கரையேறியதும் அதன் முதுகில் ஈரக்கோடு எவ்வளவு உயரம் என்று பார்த்தோம். முழுதும் ஈரம்.

மாமி கும்பிட்டார். "பெரியவர்" என்றார். கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையால் பதினொரு தரம் நடந்தவர் அவர். காட்டில் நிற்கும்போது 'ஆனை' என்ற சொல்லை எடுக்கவே மாட்டார். வீட்டில் தாராளமாகச் சொல்வார்.

அடுத்த தீவில்தான் இந்த நாளின் பெரிய காட்சி. ஆகஸ்ட் மாதம், தண்ணீர் இறங்கி, கரை முழுக்கப் பச்சைப் புல் கட்டையாக முளைத்திருந்தது. ஐந்து பெண் யானை, ஒரு குட்டி. முப்பது யார் தூரம் தள்ளிப் படகு நின்றது. நான் இதுவரை யானை புல்லைப் பிடுங்கித் தின்னும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. கட்டைப் புல் துதிக்கையில் அகப்படாது. முன்னங்கால் நகத்தால் மண்வெட்டி போலச் சுரண்டி உதைக்கிறது. உதைத்த புல்லைத் துதிக்கையால் கூட்டிக் குவித்துச் சுருட்டி எடுக்கிறது. எடுத்ததை உடனே வாயில் வைக்காது. முழங்காலில் அடிக்கும். சடக். சடக். மண் உதிரும்வரை இரண்டு, மூன்று அடி. பிறகுதான் வாய். ஐந்தும் ஐந்து தாளத்தில். தண்ணீர்மேல் அந்தச் சத்தம் துணி துவைக்கும் துறையில் கேட்பது போலவே வந்தது. குட்டிக்கு இன்னும் வசப்படவில்லை. சுருட்டி அடித்தால் புல் பறந்து தாயின் முகத்தில் விழுகிறது.

மண் ஏன் உதற வேண்டும் என்று மகன் கேட்டான். யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதிக் கடைவாய்ப் பல்தான் முளைக்கும். ஆறாவதும் தேய்ந்து போனால் அரைக்க முடியாது, பட்டினிதான். மணலோடு தின்றால் பல் விரைவாகத் தேயும். இதைப் படித்தது எனக்கு ஞாபகம் இருந்தது. எதற்கு என்று இன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

கரையில் ஒரு பக்கம் காடில்லை, புல்வெளியில் இடைவிட்டு இடைவிட்டு மரங்கள். மாமி கண்டுபிடித்துவிட்டார்: கடுக்காய், தான்றி, நெல்லி. "மூண்டும் ஒரே இடத்தில நிக்கிது, ஆரும் நட்டதோ?" யாரும் நடவில்லை, கல்லோயாப் புல்வெளி பேர்போனதே இந்த மூன்று மரங்களுக்குத்தான். திரிபலாச் சூரணம் வாங்க இனி நாட்டு மருந்துக் கடைக்கு ஏன் போக வேண்டும் என்று மாமி யோசிப்பது தெரிந்தது. பூங்காவில் ஒரு காயும் பொறுக்க முடியாது என்று கணவர் மெதுவாகச் சொல்லிவைத்தார்.

இரவுச் சாப்பாட்டில் மகன் கீரையைச் சுருட்டி முழங்காலில் அடித்துவிட்டுத் தின்றான். நானும் அடித்தேன், அவன் முதுகில்.

மூன்றாம் நாள்: லகுகலை, பொத்துவில்

அம்பாறையிலிருந்து சியம்பலாண்டுவ போய், அங்கிருந்து கிழக்கே பொத்துவில் வீதி. வானில் குளிரூட்டி வேலை செய்யவில்லை. அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

லகுகலை கித்துலான தேசிய பூங்கா வீதியோரத்திலேயே இருக்கிறது. 1980இல் அறிவித்தது, 1,554 ஹெக்டேயர். கல்லோயாவோடு பார்த்தால் ஒரு வளவு. ஆனால் லகுகலை, கித்துலான, செங்கமுவ என்று மூன்று குளங்களும் அவற்றில் முளைக்கும் 'பேரு' என்ற புல்லும் இருக்கின்றன. மற்ற இடமெல்லாம் காய்ந்து போகும் ஆடி, ஆவணியில் இந்தப் புல்லைத் தேடி யானைகள் வரும். நூறுக்கு மேலும் கூடுமாம். நாங்கள் பின்னேரம் நாலரைக்கு வீதியோரமாக வானை நிறுத்திவிட்டு எண்ணினோம்: பதினேழு. மகன் பத்தொன்பது என்று அடம்பிடித்தான், இரண்டு எருமையையும் சேர்த்து.

2011இல் நாடு முழுக்க நீர்நிலைகளில் காத்திருந்து எண்ணியபோது 5,879 யானைகள் கணக்கில் வந்தன. பெரிய தொகைதான். ஆனால் 2023இல் மட்டும் 450க்கும் மேல் செத்தன. வெடி, மின்சாரம், ரயில், வாய்வெடி. வாய்வெடி என்றால் பூசணிக்காய்க்குள்ளோ வெள்ளரிக்காய்க்குள்ளோ வெடிமருந்தை வைத்து விடுவது. காட்டுப்பன்றிக்கென்று வைத்ததை யானைக்குட்டி கடித்துவிடும். உடனே சாகாது. தாடை சிதைந்து, தின்ன முடியாமல், தண்ணீருக்குள் போய் நின்று நாட்கணக்கில் சாகும். மகனின் ஒப்படையில் இதை எழுத விடலாமா என்று நானும் கணவரும் கதைத்தோம். எழுதட்டும் என்று முடிவு.

வீதியோரத்தில் நின்றவர்களில் சிலர் யானைக்கு வாழைப்பழம் எறிந்தார்கள். பதினேழில் ஒன்று ஏற்கெனவே வீதிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. பழகிவிட்டது. நாளைக்கு அது ஒரு மோட்டார்சைக்கிளை மறித்தால் பிழை யாருடையது என்று கேட்க வாய் வந்தது. மாமி கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

பொத்துவில் சந்தியில் பாலைப்பழம் விற்றார்கள். கடைசிக் காலப் பழம், சிறுசு, ஆனால் தேன். தின்று முடித்தபின் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டது. கரடிக்கும் இதுதான் பிரியமாம், பாலைப்பழக் காலத்தில் மரத்திலேயே கிடக்குமாம். வாய் ஒட்டிய கரடியை நினைத்து மகன் சிரித்தான், சிரிக்க வாய் திறக்காமல்.

நான்காம் நாள்: உகந்தை, குமுண

பொத்துவிலில் ஜீப் பேசிவைத்திருந்த நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே இப்படித்தான் கூப்பிடுவோம்) காலை நாலேகாலுக்கே ஹோர்ன் அடித்தார். பாணமை தாண்டியதும் வெளிச்சம் இல்லை, தார் இல்லை, போனுக்கு அலையும் இல்லை. உகந்தையில் பூங்கா வாசல். அதற்குப் பக்கத்திலேயே கடலோரமாக உகந்தைமலை முருகன் கோயில். முருகன் வந்த ஓடம் கல்லாகிக் கிடக்கிறதென்று கடற்கரையில் ஒரு பாறையைக் காட்டுவார்கள். மாமி கும்பிட்டு, சுனை இருக்கும் வள்ளிமலையை அண்ணாந்து பார்த்து, "முழங்கால் விடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

இந்த இடத்துக்கு எங்கள் ஆட்கள் குமுண, கூமுனை என்று எப்படிச் சொன்னாலும் பலகையில் குமன என்றுதான் இருக்கிறது. 1938இல் பறவைகள் சரணாலயம், 1970இல் கிழக்கு யால என்ற பெயரில் தேசிய பூங்கா. சண்டைக் காலத்தில் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. 2006இல்தான் குமன என்ற பெயர். 250க்கும் மேல் பறவையினம் பதிவாகியிருக்கிறது. அதில் கறுப்புக் கழுத்து நாரை இலங்கையிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் மிஞ்சியிருக்கிறது. அதைப் பார்க்கத்தான் நான் வந்தேன்.

பார்க்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். குமுண வில்லு என்ற சதுப்பு நீர்நிலையில் கூடு கட்டும் காலம் சித்திரைக்குப் பிறகு ஆடிக்குள் முடிந்துவிடும். நாங்கள் பிந்திவிட்டோம். கண்டல் மரங்களில் வெறுங் கூடுகள், கீழே எச்சமும் இறகும். மஞ்சள் மூக்கு நாரைகள் நிறைய, கரண்டிவாயன் ஆறேழு, முட்டளவு தண்ணீரில் கரண்டியை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு. சட்டியில் கூழ் துழாவும் பெண்பிள்ளை மாதிரி. அதுவே போதும் என்று ஆறுதல்பட்டேன்.

சிறுத்தையும் கிடைக்கவில்லை. தடம் கிடைத்தது. நானா ஜீப்பை நிறுத்தி, "பாருங்க டீச்சர், இப்பதான் போயிரிக்கி" என்றார். மணலில் நாலு விரல், நகம் பதியவில்லை. நாய்த்தடத்தில் நகம் இருக்கும், பூனைக் குடும்பம் நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடக்கும். பக்கத்தில் எங்கள் ஜீப்பின் முந்தின சில்லுத் தடம் இருந்தது, அதன்மேல்தான் சிறுத்தையின் தடம். அப்படியென்றால் நாங்கள் போன பிறகு அது நடந்திருக்கிறது. எங்களைப் பார்த்திருக்கிறது. மகன் மெதுவாகக் காலைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டான். இலங்கைச் சிறுத்தையை 2020இல் 'அருகிவரும்' நிலையிலிருந்து ஒரு படி இறக்கி 'பாதிப்புறக்கூடியது' என்று சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் மாற்றினார்கள். நல்ல செய்தியா என்றால், நானாவின் கணக்கு வேறு: "பட்டியல்ல என்னவாம் இரிந்தா என்ன டீச்சர், கண்ணி கட்டுறவன் பட்டியல் படிக்கானா?" பன்றிக்குக் கட்டும் கண்ணியில்தான் சிறுத்தை விழுகிறது.

கும்புக்கன் ஆற்றங்கரையில் இறங்க விட்டார்கள். பூங்காவின் எல்லை ஆறு. இருபக்கமும் மருதமரங்கள் பின்னிக்கொண்டு நிற்கின்றன, நிழல் குகை மாதிரி. மாமிக்கு இந்த ஆறு தெரியும். காட்டுப்பாதையில் உகந்தையிலிருந்து நடந்து வருபவர்கள் இதைக் கடந்துதான் நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று கதிர்காமத்துக்குப் போவார்கள். "முதல் தரம் வந்தப்ப அரிசி, மா, சட்டி எல்லாம் தலையில. தண்ணிக்கு மணலத் தோண்டினம்." இப்போது ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், அன்னதானம் இருக்கிறது, தண்ணீர்த் தாங்கி இருக்கிறது.

போத்தலும் இருக்கிறது. பாதை திறந்து மூடிச் சில கிழமைதான். ஆற்றோரப் பற்றைக்குள் பிளாஸ்ரிக் போத்தல், பிஸ்கட் உறை, ஒற்றைச் செருப்பு. தொண்டர்கள் வந்து பொறுக்கினார்களாம், இது பொறுக்கி மிஞ்சியது. மாமி ஒன்றும் பேசாமல் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு குனிந்தார். முழங்கால் விடாது என்றவர். நாங்களும் குனிந்தோம். நானா ஒரு உரப்பையைக் கொண்டு வந்தார். அரைமணிக்குள் நிறைந்துவிட்டது. எதிர்க்கரை மணலில் ஒரு முதலை வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்ந்தது. அது எங்களை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள்: கரையோரம், பிறகு படுவான்கரை

கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று. மீன் வாங்கினோம். தீகவாபிப் பக்கம் திரும்பும் வீதியைக் கடந்தபோது கணவர் பள்ளக்காட்டைப் பற்றிச் சொன்னார். அங்கே திறந்த குப்பைமேடு. 2022 தை மாதம் செய்தியில் வந்தது, எட்டு வருடத்தில் ஏறக்குறைய இருபது யானைகள் அந்தக் குப்பையைத் தின்று செத்திருந்தன. வயிற்றைப் பிளந்தால் சோற்றுப் பொதி கட்டும் தாள், பொலித்தீன். சோற்று மணத்துக்குத் தாளையும் சேர்த்து விழுங்கிவிடும். காலையில் நாங்களும் பொதி கட்டித்தான் சாப்பிட்டோம். அந்தத் தாள்கள் வானின் பின்னுக்கு உரப்பைக்குள் கிடந்தன.

நாட்டு நிலத்தில் ஏறக்குறைய 60 வீதத்தில் யானை நடமாடுகிறது, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மனிதர் குடியிருக்கும் இடம் என்று ஓர் ஆய்வு உண்டு. பூங்காவுக்குள் யானையைத் துரத்தி வேலி அடைப்பதை விட்டு, ஊரையும் வயலையும் சுற்றி வேலி கட்டுங்கள், அறுவடை முடிந்ததும் கழற்றுங்கள் என்று கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ போன்றவர்கள் நெடுநாளாகச் சொல்கிறார்கள். அவர் தலைமையில் 2020இல் ஒரு தேசிய செயற்றிட்டமே எழுதப்பட்டது. சின்ன மாமாவிடம் இதைச் சொன்னேன். "வயலச் சுத்தியோ? நல்லம். கம்பி ஆர் தருவா?" என்றார்.

இப்போது இரவு பதினொன்று இருபது. இதை மருதமரத்துக் காவல் பரணில் இருந்துதான் போனில் எழுதுகிறேன். மாமியும் கணவரும் வீட்டில். மகன் வந்தே தீருவேன் என்று அழுததால் நானும் ஏற வேண்டியதாயிற்று. கோடைப்போகம், வேளாண்மை குடலை தாண்டிக் கதிர் சரிந்து நிற்கிறது, இன்னும் மூன்று கிழமையில் வெட்டு. வயல் வட்டை முழுக்க இருட்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாக மற்றப் பரண்களில் நெருப்பு. அடிக்கடி ஒரு பரணிலிருந்து கூவுவார்கள், அடுத்த பரண் பதில் கூவும். நித்திரை இல்லை என்று ஒருவருக்கொருவர் அறிவிப்பது.

பன்னிரண்டு ஐந்து. தவளைச் சத்தம் வாய்க்கால் பக்கம் மட்டும் நின்றது. சின்ன மாமா பீடியை அணைத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு கேட்டது.

சடக்.

கொஞ்சம் விட்டு, சடக். சடக்.

மகன் என் காதுக்குள் சொன்னான்: "அம்மா, மண் உதறுது."

"மண்ணில்ல மனே," என்றார் சின்ன மாமா, "என்ட நெல்லு." ஆனை வெடியின் திரியை நெருப்புக்குக் காட்டி இருட்டுக்குள் எறிந்தார். வட்டையே ஒரு தரம் வெளுத்து அணைந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு முதுகும் ஒரு காதும் கண்டேன், நினைத்ததைவிடக் கிட்ட. எல்லாப் பரணும் கூவின. பிறகு ஒரு சத்தமும் இல்லை. மகன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வரை வந்திருப்பான்.

அங்கால, அடுத்தவர் வயலில், சடக்.